எந்தச் சரக்குக்கு எந்த டப்பா? வீட்டளவில் தைலம், கிரீம், குளியல் பொடி செய்வோருக்கு

கொங்குப் பக்கம் வீட்டிலேயே கூந்தல் தைலம், லிப் பாம், அரப்புத் தூள், சோப்பு என்று செய்து விற்கத் தொடங்கியவர்கள் இப்போது எந்த ஊரிலும் இருக்கிறார்கள். மூலப்பொருளுக்கு இங்கே அலைய வேண்டியதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்கிறது, ஈரோட்டில் மஞ்சள் கிடைக்கிறது, மலையேறினால் யூகலிப்டஸ் தைலம். பொருளையும் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறார்கள். சறுக்கல் டப்பாவில்தான் நடக்கிறது. இணையத்தில் படம் பார்த்து, அழகாக இருக்கிறதென்று மொத்தமாக வாங்கிவிட்டு, அப்புறம் தைலம் ஒழுகுகிறது, கிரீமில் பூஞ்சை பிடிக்கிறது, பொடி கட்டி தட்டுகிறது என்று தவிக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாட்டிலின் உடம்பைப் பார்க்கும் முன் வாயைப் பாருங்கள். ஒழுகுவதும், மணம் போவதும், ஈரம் நுழைவதும், விரல் பட்டுக் கெடுவதும் பெரும்பாலும் வாய் வழியாகத்தான்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

கடைக்குப் போகும் முன், விற்கப்போகும் ஒவ்வொரு பொருளுக்கும் நேராகச் சில கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அதில் தண்ணீர் இருக்கிறதா? யூகலிப்டஸ், லெமன்கிராஸ் மாதிரி வாசனை எண்ணெயோ ஆல்கஹாலோ சேர்ந்திருக்கிறதா? வெளிச்சம் பட்டால் நிறமோ குணமோ மாறுமா? ஊற்றினால் ஓடுமா, வழித்துத்தான் எடுக்க வேண்டுமா? வாங்குகிறவர் அதைக் குளியலறையில் வைப்பாரா, கைப்பையில் போட்டுக்கொள்வாரா?

இதில் தண்ணீர்க் கேள்விதான் பெரியது. கிரீம், லோஷன், ஷாம்பு, டோனர், கற்றாழை ஜெல் எல்லாம் தண்ணீர் உள்ளவை. தண்ணீர் இருந்தால் கிருமி வளரும். பதப்பொருள் சேர்த்திருந்தாலும், தினமும் விரல் விட்டு எடுக்கும் அகன்ற வாய் ஜாடி அந்தப் பதப்பொருளுக்கு ஓயாத வேலை கொடுக்கிறது. ஆகவே தண்ணீர் உள்ள பொருளுக்கு பம்ப், டியூப், அல்லது ஃபிளிப் டாப். காற்றுப் புகாமல் அடித்தட்டு மேலேறித் தள்ளும் ஏர்லெஸ் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது, விலைதான் கூடுதல்.

வெறும் எண்ணெயும் மெழுகும் சேர்ந்த பாம், பாடி பட்டர் போன்றவற்றுக்கு ஜாடி போதும். ஆனால் அதே தண்ணீரில்லாப் பொருள் குளியலறைக்குப் போனால் கதை மாறிவிடும். சர்க்கரை ஸ்க்ரப் ஜாடியில் ஈரக்கை நுழைந்துகொண்டே இருக்கும். அதை டியூபில் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு சின்னக் கரண்டியாவது சேர்த்துக் கொடுங்கள்.

எந்தப் பொருளால் ஆன டப்பா

கண்ணாடி எதனோடும் வினைபுரியாது, மணத்தை விடாது, பார்க்கவும் மதிப்பாக இருக்கும். கனம், உடையும் பயம், வாங்குகிறவரின் வழுக்கும் குளியலறைத் தரை, இவை மூன்றும்தான் குறை. முகத்துக்கான சீரம், வாசனை எண்ணெய், சிறிய அளவுத் தைலம் ஆகியவற்றுக்குக் கண்ணாடி எடுங்கள். ஷாம்புவுக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்தால் அடியில் முக்கோணக் குறிக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட் (PET) என்னும் பிளாஸ்டிக். தெளிவாக, பளபளப்பாக இருக்கும், எண்ணெயைத் தாங்கும், காற்றையும் ஓரளவு நன்றாகத் தடுக்கும். சூடுதான் அதற்கு ஆகாது. 70 டிகிரியை நெருங்கும்போதே இளகிச் சுருங்கிவிடும், அதனால் காய்ச்சிய தைலத்தை நன்றாக ஆறவிட்டுத்தான் பெட்டில் ஊற்ற வேண்டும். 2 என்றால் எச்.டி.பி.இ. பால் நிறத்தில், அழுத்தினால் கொடுக்கும் பாட்டில். ஷாம்புவுக்கும் லோஷனுக்கும் இதுதான் காலங்காலமாகப் பழகியது. காற்றைத் தடுப்பதில் பெட்டுக்குப் பின்தான், ஆகவே சீக்கிரம் சிக்கடிக்கும் எண்ணெய்களை மாதக்கணக்கில் இதில் வைக்க வேண்டாம். 5 என்றால் பி.பி., அதாவது பாலிபுரொப்பிலீன். சூட்டை நன்றாகத் தாங்கும். உருக்கி ஊற்றும் பாமுக்கு பி.பி. ஜாடி நிம்மதி. 6 என்றால் பாலிஸ்டைரீன். வாசனை எண்ணெய் பட்டால் விரிசல் விடும், இளகும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

அக்ரிலிக் ஜாடி படத்தில் எடுப்பாகத் தெரியும். ஆல்கஹால் பட்டால் அதில் மயிரிழை விரிசல் ஓடும். உள்ளே பி.பி. கிண்ணம் வைத்த இரட்டைச் சுவர் ஜாடியாக இருந்தால் மட்டும் எடுங்கள். அதைத் துடைக்க ஸ்பிரிட் தொட்ட துணியை எடுக்காதீர்கள்.

அலுமினியம் லேசானது, உடையாது, வெளிச்சம் புகாது. ஆனால் உட்பூச்சு இல்லாத அலுமினியத்தைப் புளிப்பும் அரிக்கும், காரமும் அரிக்கும். வீட்டில் செய்யும் திரவ சோப்பு பி.எச். 9, 10 என்ற காரத்தில் நிற்கும். வைட்டமின் சி சீரம் புளிப்புப் பக்கம். இரண்டையும் அலுமினியத்தில் போடக் கூடாது. தகர டப்பா தண்ணீரில்லாப் பொருளுக்கு மட்டும். ஒரு சொட்டு ஈரம் தங்கினாலும் விளிம்பில் துரு எட்டிப் பார்க்கும்.

வெளிச்சத்துக்கு வருவோம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெயிலில் வெளுக்கும். வைட்டமின் சி, ரெட்டினால், குளிர்முறையில் பிழிந்த எண்ணெய்கள் எல்லாமே வெளிச்சத்துக்குக் கூச்சப்படுபவை. பழுப்பு நிறக் கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கும். நீலமும் பச்சையும் அழகு, ஆனால் அந்தக் காவல் அவற்றுக்குக் குறைவு. தெளிந்த பாட்டில்தான் வேண்டுமென்று மனசு கேட்டால், அட்டைப் பெட்டி போட்டே விற்றுவிடுங்கள்.

வாயும் மூடியும்

மொத்தக் கடையில் பாட்டிலைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, "இது எந்த நெக்குங்க?" என்பது. நெக் என்றால் மூடி திருகி உட்காரும் கழுத்தின் அளவு. "24 நெக்குங்க" என்று பதில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். முழு அளவு 24/410 என்றோ 24/415 என்றோ இருக்கும். முதல் எண் புரியின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் புரியின் அமைப்பைச் சொல்கிறது. 415 கழுத்து 410-ஐ விட உயரம். ஒன்றுக்கான மூடியை இன்னொன்றில் போட்டால் ஏறின மாதிரியே தெரியும், கையில் இறுகவும் செய்யும், ஆனால் உள்ளே சரியாக உட்கார்ந்திருக்காது. பாட்டிலை ஒரு கடையிலும் மூடியை இன்னொரு கடையிலும் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆரம்பத்திலேயே ஒரு நெக்கை முடிவு செய்துகொள்ளுங்கள். 100 மி.லி., 200 மி.லி. இரண்டு பாட்டிலும் 24/410 ஆக இருந்தால் ஒரே மூடி, ஒரே பம்ப், ஒரே ஃபிளிப் டாப் இரண்டுக்கும் ஓடும். கையிருப்பு பாதியாகக் குறையும். ஒரு சரக்கு நின்றுபோனால் அதன் மூடியை இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ளலாம். சிறு முதலீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மூடியைத் திருப்பி உள்ளே பாருங்கள். வட்டமாக ஒரு மெத்தை இருக்கும். வாட் என்பார்கள். சாதாரண நுரை வாட் ஷாம்புவுக்கும் பொதுவான தைலத்துக்கும் போதும். வாசனை எண்ணெய் அதிகமுள்ள சரக்கு நுரையை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். அதற்கு உள்ளே கூம்பு போல அமர்கிற பிளாஸ்டிக் அடைப்புள்ள மூடியைக் கேளுங்கள். வாட் இல்லாத மூடியைத் தைலத்துக்கு வாங்கவே வேண்டாம். எண்ணெய் புரி வழியே ஏறி வெளியே வந்தே தீரும்.

பம்பில் கவனிக்க வேண்டியது உள்ளே இறங்கும் குழாய். பம்போடு வரும் குழாய் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். பாட்டிலுக்கு வெளியே, கழுத்தோடு பம்பைப் பொருத்திப் பிடித்து, குழாய் நுனி அடியைத் தொட்டு லேசாக ஒரு மூலைக்குச் சாயும் அளவில் கத்தரியுங்கள். நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டிய நுனி அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சாமல் நிற்கும். கெட்டியான பட்டர் வகைகள் எந்தக் குழாயிலும் ஏறாது, அவற்றுக்கு ஜாடிதான். ஸ்பிரே மூடியோ தூசு தாங்காது. வெட்டிவேர் ஊறல், ரோஜா ஊறல் போன்றவற்றை மெல்லிய வடிதாளில் வடித்த பிறகே அதில் நிரப்ப வேண்டும்.

டிராப்பரின் ரப்பர் தலையை எண்ணெய் ஊறவைக்கும். சாதாரண ரப்பரை விட நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்குத் தாங்கும். கூரியரில் அனுப்பும்போது பாட்டிலைச் சாதாரண மூடியால் மூடி, டிராப்பரைத் தனிக் கவரில் வைத்து அனுப்புங்கள். வாங்குகிறவர் மாற்றிப் போட்டுக்கொள்வார், குறையாக நினைக்க மாட்டார்.

வாயில் அலுமினியத் தாள் ஒட்டும் இண்டக்‌ஷன் சீலுக்குக் கையடக்க இயந்திரம் கிடைக்கிறது. தாளின் அடிப்படலம் பாட்டிலின் பிளாஸ்டிக்குக்குப் பொருந்த வேண்டும். எச்.டி.பி.இ.க்கான சீல் பெட்டில் ஒழுங்காகப் பிடிக்காது. சீல் கடையில் பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்ணாடிக்கு வெளியே ஷ்ரிங்க் உறை போட்டு ஹாட் கன் காட்டினால், திறக்கப்படாத பொருள் என்ற நம்பிக்கையாவது வாங்குகிறவருக்குக் கிடைக்கும்.

நம்ம ஊர் வெயிலும் மார்கழியும்

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழிக் காலையில் கோவையில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. ஊட்டி, குன்னூருக்கு அனுப்பினால் ஆண்டின் பெரும்பகுதி உறைந்தேதான் இருக்கும். ஊசித் துளை உள்ள மூடியில் உறைந்த எண்ணெய் எப்படி வரும்? தேங்காய் எண்ணெய் அடிப்படையிலான தைலத்துக்கு அகன்ற வாய் பாட்டில், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து அழுத்தி எடுக்கக்கூடிய எச்.டி.பி.இ. பாட்டில்தான் பொருத்தம். பெட் பாட்டிலைக் கொதிநீரில் வைத்தால் கோணிவிடும். குளிர்ந்த கண்ணாடியைக் கொதிநீரில் வைத்தால் விரிசல் விடும். "வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைக்கவும்" என்று லேபிளிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் கேள்வி பாதி குறையும்.

உறைந்த எண்ணெய் உருகும்போது அளவு பெருகும். வெயில் ஏற ஏற இன்னும் பெருகும். குளிர்ந்த காலையில் கழுத்து வரை நிரப்பிய பாட்டில், மதியம் மூடியோரத்தில் கசிவதற்கு இதுதான் காரணம். எண்ணெய் முழுக்க உருகி, அறைச் சூட்டில் இருக்கும்போது அளந்து ஊற்றுங்கள், தோள்பட்டைக்கு மேல் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள்.

சித்திரையில் கரூரும் ஈரோடும் 40 டிகிரியைத் தாண்டும். பார்சல் வண்டியின் தகரப் பெட்டிக்குள் அதைவிடக் கூடுதல். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். ஆனால் அதோடு சேர்த்த எண்ணெயும் பட்டரும் பாமை அதற்கு வெகு முன்பே இளக வைக்கும். ஆகவே பாம் உருகினாலும் வெளியே வராத டப்பாவில் போடுங்கள். திருகி மேலேற்றும் லிப் பாம் குழாயில் உருகிய பாம் அடித் திருகு வழியாக ஒழுகும். அழுத்தி மூடும் தகர டப்பாவும் அப்படித்தான். பங்குனி முதல் வைகாசி வரை, வாட் உள்ள திருகு மூடி அலுமினிய டப்பாவுக்கோ பி.பி. ஜாடிக்கோ மாறிவிடுங்கள், அல்லது மெழுகைக் கூட்டுங்கள்.

அரப்புத் தூள், சீயக்காய், நலங்கு மாவு, குளியல் பொடிகளுக்கு எதிரி ஈரம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று பொள்ளாச்சி, கோவைப் பக்கம் வீசும்போது வெறும் பிரவுன் காகிதப் பையில் இருக்கும் பொடி இறுகிவிடும். உள்ளே அலுமினியப் படலமோ மெட்டலைஸ்டு படலமோ உள்ள நிற்கும் பவுச் வாங்குங்கள். நிரப்பும்போது புனல் கட்டாயம். ஜிப்பின் பற்களுக்குள் பொடி புகுந்தால் அது அப்புறம் ஒருநாளும் சரியாகப் பூட்டாது. நிரப்பியதும் ஜிப் ஓரத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஜிப்புக்கு மேலே ஹீட் சீல் போடுங்கள். அரப்பு வாங்குபவர் ஈரக்கையோடு பைக்குள் கைவிடுவார் என்பதால், ஒரு குளியலுக்கு ஒன்று என்று சிறு பாக்கெட்டாகக் கொடுப்பதும் நல்ல வழி.

சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். குளிர்முறை சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் காயவிடாமல் ஷ்ரிங்க் உறையில் இறுக்கினால் உள்ளேயே வியர்க்கும். காய்ந்த பிறகு காகிதப் பட்டையோ அட்டைப் பெட்டியோ போதும்.

அளவும் லேபிளும்

100 மி.லி. பாட்டிலில் 100 கிராம் தேங்காய் எண்ணெய் பிடிக்காது. சுமார் 92 கிராம்தான் வரும். திரவத்தை மி.லி.யில் சொல்லுங்கள், பாமையும் பொடியையும் கிராமில் சொல்லுங்கள்.

பாட்டில் வாங்கும் முன்பே லேபிளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் போட வேண்டியது நிறைய. அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்க, அழகுசாதன விதிகள் 2020-இன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டில் செய்தாலும் வேண்டும். உரிமம் உள்ள ஒரு கூடத்தில் உங்கள் பெயரில் செய்து வாங்கும் வழியும் இருக்கிறது. லேபிளில் பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானங்கள், நிகர அளவு வர வேண்டும். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011 கேட்பவை தனி: தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்த்த எம்.ஆர்.பி., அலகு விலை (ஒரு கிராமுக்கோ மி.லி.க்கோ என்ன விலை என்பது), புகார் சொல்லத் தொடர்பு விவரம். இத்தனையும் சின்ன டப்பாவில் படிக்கும்படி நிற்காது. அதற்கு வெளி அட்டை வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் விற்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சேலம் கலால் ஆணையரகத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில், சிறிய பாட்டிலில் அடைத்ததாலேயே தேங்காய் எண்ணெய் கூந்தல் தைலமாகிவிடாது, லேபிளும் விற்கும் விதமும் அப்படிச் சொன்னால்தான் ஆகும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வரி பற்றிய வழக்கு. ஆனாலும் "கூந்தலுக்கு" என்ற ஒரு சொல்லை அச்சிடும் முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டாம். சமையலுக்கு என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம், கூந்தலுக்கு என்றால் அழகுசாதன உரிமம்.

தைலப் பாட்டிலுக்குக் காகித லேபிள் ஆகாது. எண்ணெய்க் கை பட்டதும் ஊறி எழுத்து மங்கும். பிளாஸ்டிக் படல லேபிள் போடுங்கள். அழுத்தும் பாட்டிலுக்கு நெகிழும் லேபிளாகக் கேளுங்கள், இல்லையென்றால் சுருக்கம் விழும்.

வாங்குவதும் சோதிப்பதும்

கோவை டவுன்ஹாலைச் சுற்றிய வீதிகளில் நேரில் போய்ப் பார்த்து வாங்குவது, படம் பார்த்து வாங்குவதை விட எவ்வளவோ மேல். முதலில் மாதிரிக்குச் சில மட்டும் வாங்குங்கள். உங்கள் தைலத்தை ஒரு சின்ன சீசாவில் கையோடு கொண்டுபோங்கள், கடைக்காரர் பார்த்தாலே மூடி சொல்லிவிடுவார். காலிப் பாட்டிலை மூடி வெயிலில் வைத்து, திறந்ததும் முகர்ந்து பாருங்கள். புது பிளாஸ்டிக்கில் மணம் தெரியாது. மறுசுழற்சி சரக்கு காட்டிக்கொடுத்துவிடும். பழைய சர்பத் பாட்டில், மருந்துப் பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மாதிரி கிடைத்ததும் உங்கள் சரக்கையே நிரப்பிச் சோதியுங்கள், தண்ணீரை ஊற்றிச் சோதிப்பது போதாது. சிலவற்றை டிஷ்யூ தாளின் மேல் கவிழ்த்து வையுங்கள். எண்ணெய்க் கசிவு தாளில் வட்டமாகத் தெரிந்துவிடும். சிலவற்றைத் தகரக் கூரைக்குக் கீழோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வையுங்கள். நகைத் தராசில் எடைபோட்டுத் தேதியோடு எழுதி, வாரம் ஒருமுறை திரும்பப் போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால், கண்ணுக்குத் தெரியாமல் மூடி வழியே ஏதோ வெளியேறுகிறது என்று பொருள். வாசனைச் சரக்கில் இது அடிக்கடி நடக்கும். பாட்டிலின் பக்கச்சுவர் உள்வாங்கினாலும், வாட் உப்பினாலும், ரப்பர் பிசுபிசுத்தாலும் அந்த ஜோடியைத் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் பெட்டியில் கட்டி, நீங்கள் வழக்கமாக அனுப்பும் முறையிலேயே, பஸ் பார்சலோ லாரி சர்வீஸோ கூரியரோ, தூரத்து ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பி, பிரிக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டியின் அதிர்வில் மூடி தானாகத் தளரும். மேசையில் வைத்துப் பார்த்தால் அது தெரியாது. குறைந்தது ஒரு மாதமாவது இந்தச் சோதனைகளை ஓட்டிவிட்டு மொத்தமாக ஆர்டர் கொடுங்கள்.

நிரப்பும் நாள்

புது பாட்டிலிலும் தூசும் அட்டைத் துகளும் இருக்கும். கழுவினால் முழுக்கக் காய வேண்டும், கவிழ்த்து வைத்தே காயவிடுங்கள். எண்ணெய்க்குள் போகும் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கெடுதல் அங்கிருந்து தொடங்கும். பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பில் ஆல்கஹாலைத் தெளித்து உலரவிடலாம், அக்ரிலிக்குக்கு மட்டும் வேண்டாம். மூடிகளையும் மறக்காதீர்கள்.

கிரீமையும் பாமையும் சூடாக இருக்கும்போதே மூடினால் மூடிக்கு அடியில் ஆவி நீர்த்துளியாகி விழும், பூஞ்சை அந்தத் துளியில்தான் பிடிக்கும். சுத்தமான துணி போர்த்தி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மூடுங்கள். பாமின் நடுவில் குழி விழுந்தால் மேலே கொஞ்சம் உருக்கி ஊற்றிச் சமன் செய்துகொள்ளலாம்.

ஒவ்வொரு பேட்சிலும் ஒன்றிரண்டை, விற்கும் அதே டப்பாவில், பேட்ச் எண்ணோடு எடுத்து வைத்து, கடைசித் தேதி தாண்டும்வரை அவ்வப்போது திறந்து பாருங்கள். எந்தக் கடையில், எந்த லாட் பாட்டில், எந்த மூடி என்பதையும் அந்த பேட்சுக்கு நேராக நோட்டில் எழுதுங்கள். புகார் வந்தால் கோளாறு தைலத்திலா, மூடியிலா என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.